முரட்டு மீன்களும் ஒரு தொட்டியும்

எங்கள் வீட்டு முன் அறையில் ஒரு கடல்மீன் தொட்டி இருக்கிறது. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். ஏறத்தாழ 560 லீற்றர் உப்புநீர் கொள்ளும். திருகோணமலைக் கடலில் சுழியோடி அலங்கார மீன் பிடிக்கும் என் அத்தான் அதை அமைத்துத் தந்தார். அவர் கொண்டுவரும் மீன்கள் அழகானவை, ஆனால் சாதுவானவை அல்ல. எதை எதோடு விடலாம் என்பதை அவரிடமே கேட்டுப் படித்தேன். பல்கலைக்கழகத்தில் நான் படித்த சமூகவியலுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை என்று பிறகு தோன்றியது.

எல்லாவற்றையும் 'முரட்டு மீன்' என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆனால் முரட்டுத்தனம் ஒரே வகையானதல்ல. சிங்கமீன் யாருடனும் சண்டைக்குப் போகாது. வாய்க்குள் அடங்கும் சிறுமீனை விழுங்கும், அவ்வளவுதான். அதற்குக் கோபமில்லை, பசிதான். தன் அளவுள்ள மீன்களோடு அது அமைதியாக வாழும். (அதன் முள்ளில் நஞ்சுண்டு. குத்தினால் தாங்கக்கூடிய சூடுள்ள நீரில் கையை வைத்து, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.) விரலளவேயான சில நீல மீன்கள் தம்மைவிடப் பெரிய மீனையும் துரத்தும். தமது பொந்து பறிபோய்விடும் என்ற பயமே அதற்குக் காரணம். வெண்ணிற உடலில் கரும்புள்ளிகள் கொண்ட சிறிய அஞ்சாலை பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அது தேடுவது நண்டும் இறாலும்தான். தொட்டிக்கு இறுக்கமான மூடி இருந்தால் போதும், இல்லாவிட்டால் வெளியே வந்துவிடும்.

இவற்றைச் சேர்த்து வளர்க்கச் சில ஒழுங்குகள் உண்டு. ஒன்றையொன்று விழுங்க முடியாத அளவுள்ள மீன்களைத் தெரிய வேண்டும். ஒரே வடிவமும் ஒரே நிறமும் உள்ள இரண்டை விடக்கூடாது, அவைதான் அதிகம் மோதும். சாதுவானதை முதலில் விட்டு, முரடானதைக் கடைசியாக விட வேண்டும். முதலில் வந்தது தொட்டி முழுவதையும் தனதென்று நினைத்துக்கொள்ளும். புதிய மீன் வரும் நாளில் கற்களை இடம் மாற்றி வைத்தால் பழையதும் புதியதும் சேர்ந்து இடம் தேடும். ஒவ்வொன்றுக்கும் ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். இரை எல்லாவற்றுக்கும் கிடைக்க வேண்டும்.

யுத்தத்துக்குப் பின் ஊர் திரும்பிய பெண்களோடு வேலை செய்யும்போது இது எனக்கு உதவியிருக்கிறது. ஒரு சேமிப்புக் குழுவில் இரண்டு சகோதரிகள் எப்போதும் முரண்பட்டார்கள். இருவரும் கணவரை இழந்தவர்கள், இருவரும் 2009க்குப் பின் தனியே பிள்ளைகளை வளர்த்தவர்கள். ஒருவர் முன்பிருந்தே பொறுப்பில் இருந்தவர், மற்றவர் பின்னால் வந்தவர். 'கோபக்காரிகள்' என்று ஊர் பெயர் வைத்திருந்தது. குழுவின் பொறுப்புகளைப் புதிதாகப் பிரித்தோம். ஒருவர் கணக்குப் பார்த்தார், மற்றவர் கூட்டங்களை நடத்தினார். அவர்கள் உற்ற தோழிகளாகவில்லை. ஆனால் குழு உடையவில்லை. எதையெல்லாமோ இழந்தவர்கள் மிஞ்சிய சிறு இடத்தை இறுகப் பிடித்துக்கொள்வது இயல்புதானே?

ஆனால் எந்த ஒழுங்கினாலும் சேர்க்க முடியாத மீன்களும் உண்டு. நண்டோட்டையே உடைக்கும் பல் கொண்டது கிளாத்தி. அதிலும் ஆரஞ்சு வரிக் கிளாத்தி தனியே வளர்க்க வேண்டியது. சிங்கமீன் இருக்கும் தொட்டியில் அதை விட்டால் செட்டைகளைக் கடித்துக் கிழிக்கும். சிங்கமீன் திருப்பித் தாக்காது. மூலையில் ஒதுங்கும், இரை எடுக்காது, பிறகு செத்துப்போகும். 'போகப்போகப் பழகிவிடும்' என்று காத்திருப்பது அதைக் கொல்வதாகும். அப்போது நாம் வெளியே எடுப்பது கடிக்கும் மீனையே, கடிபட்டதை அல்ல.

சகோதரிகளே, நம் ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது. கணவனிடம் அடிவாங்கும் பெண்ணுக்கு 'பொறுத்துப் போ பிள்ளை, அவரும் எவ்வளவு பட்டவர்' என்று புத்தி சொல்கிறோம். தாங்க முடியாமல் பிள்ளைகளோடு வீட்டை விட்டுப் போகிறவளும் அவள்தான். யுத்தம் பலரின் மனதைக் காயப்படுத்தியது உண்மை. அந்தக் காயத்துக்குச் சிகிச்சை தேவை. அதற்காக இன்னொருவரின் உடலில் காயம் உண்டாக்க யாருக்கும் உரிமையில்லை.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதங்கள் வரையான கட்டளையும் பெற முடியும். அடிப்பவர் அந்த வீட்டுக்குள் வராமல் தடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பிரதேச செயலகத்திலுள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் வழி கேளுங்கள். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

உங்கள் அயலில் அப்படி ஒருத்தி மூலையில் ஒதுங்கியிருந்தால், பொறுமையைப் போதிக்க வேண்டாம். அவளோடு அந்த அலுவலகம் வரை நடந்து போங்கள்.