பூம்பாவை எழுந்த பிறகு

பாத்திர வளர்ச்சி என்ற பதத்தை நம் மதிப்புரைகளில் காணும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஆரம்பத்தில் கோழையாக இருந்தவன் கடைசியில் வீரனாகிவிட்டால் அது வளர்ச்சி. கெட்டவன் திருந்திவிட்டால் இன்னும் பெரிய வளர்ச்சி. முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் கோல் வைத்து அளந்துவிட்டு, இடையில் அந்த மனசுக்கு என்ன நேர்ந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். இடையில் நேர்வதுதான் விஷயம் என்பது என் கட்சி.

மயிலாப்பூர்க்காரனான எனக்கு இதற்கு உதாரணம் தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை. பங்குனி உற்சவத்தின் எட்டாம் நாள் காலையில், அறுபத்துமூவர் புறப்பாட்டுக்கு முன்பாக, பூம்பாவையை எழுப்பும் நிகழ்ச்சி கபாலீஸ்வரர் கோவிலில் வருஷம் தவறாமல் நடக்கிறது. கதை சேக்கிழார் சொன்னது. வணிகர் சிவநேசர் தன் பெண்ணைத் திருஞானசம்பந்தருக்கே கொடுப்பதென்று நிச்சயித்திருக்கிறார். ஏழு வயதில் பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி அவள் இறந்துபோகிறாள். தகனம் செய்து, எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்திலிட்டு, கன்னிமாடத்தில் வைத்து, உயிரோடிருப்பவளுக்குச் செய்வதுபோல உபசாரங்கள் செய்து காத்திருக்கிறார் தகப்பனார். சம்பந்தர் வருகிறார். பதிகம் பாடுகிறார். குடம் உடைந்து, இடைப்பட்ட வருஷங்களையும் சேர்த்துக்கொண்டு, பன்னிரண்டு வயதுப் பெண்ணாக அவள் எழுகிறாள்.

எழுந்தவளை சேக்கிழார் கூந்தலிலிருந்து பாதம்வரை பல பாடல்களில் வர்ணிக்கிறார். அழகான பாடல்கள், காவிய மரபு கேட்கிற காரியத்தைக் குறைவில்லாமல் செய்கின்றன. பிறகு சிவநேசர் பெண்ணை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறார். நீங்கள் பெற்ற பெண் விஷத்தால் இறந்துவிட்டாள், இவள் இறைவன் அருளால் மறுபடி தோன்றியவள், ஆகவே அது பொருந்தாது என்கிறார் சம்பந்தர். சிவநேசர் கலங்கி விழுகிறார், சுற்றத்தாரும் விழுகிறார்கள். வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்து மறுபடியும் கன்னிமாடத்திலேயே வைக்கிறார். அவள் அங்கேயே இறைவனை நினைத்திருந்து சிவத்தை அடைகிறாள்.

தகப்பனின் மனசு இதில் இருக்கிறது. சம்பந்தரின் நியாயம் இருக்கிறது. பூம்பாவை வணங்குகிறாள், நிற்கிறாள். அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏழு வயதில் கண்ணை மூடி, பன்னிரண்டு வயது உடம்பில் கண்ணைத் திறந்தவள், திறந்த கொஞ்ச நேரத்தில் கொடுக்கவும் மறுக்கவும் பட்டவள். குடத்திலிருந்து மாடத்துக்குப் போனாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சம்பந்தரின் பதிகம் முழுக்கவே அவளைப் பார்த்துக் கேட்கும் கேள்விதான்: ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம் என்று ஊரின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைப் பார்க்காமலா போகிறாய் என்று கேட்கிறார். கதை முழுவதிலும் அவளிடம் கேட்கப்படும் கேள்வி அது ஒன்றுதான். அதுவும் அவள் எலும்பாக இருக்கும்போது. எழுந்த பிறகு அவர் பேசுவது தகப்பனாரோடு.

நான் வேலை பார்ப்பது தி. நகரில் ஒரு வங்கிக் கிளையில். நவம்பர் மாதம் வந்தால் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்கக் கூட்டமாக வருவார்கள். ஆள் எதிரே நிற்க வேண்டும், கையெழுத்தோ ரேகையோ ஒத்துப்போக வேண்டும். படிவத்தில் அதற்குமேல் கட்டம் கிடையாது. அற்புதக் கதைகளிலும் பெரும்பாலும் அதற்குமேல் கட்டம் கிடையாது.

அடையாறிலிருக்கும் என் அக்காவின் பெண்ணுக்குப் பதினான்கு வயது. இரண்டு வருஷங்களுக்கு முன்னால் கடும் காய்ச்சலில் பதினோரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்து வந்தாள். அக்கா அந்தப் பதினோரு நாளையும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். எந்த இரவு டாக்டர் கையை விரித்தார், எந்த நேரத்தில் கபாலிக்கு முடிந்துவைத்தாள் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். மறுபிறவி எடுத்து வந்த குழந்தை சிரித்த முகமாக இருக்க வேண்டாமா என்று உறவினர்கள் அவள் எதிரிலேயே கேட்பார்கள். அவள்தான் போன கோடை விடுமுறையில், 'மாமா, நீங்களும் பாருங்க' என்று ஒரு ஜப்பானிய அனிமே தொடரை எனக்குக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறுக்குப் பஸ் ஏறிப் போய், அவளுடைய லாப்டாப்பில், ஆங்கில எழுத்துக்கள் ஓட, பன்னிரண்டு பகுதிகளையும் பார்த்து முடித்தேன்.

புயெல்லா மாகி மடோக்கா மாகிகா. 2011 ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்தது. ஷாஃப்ட் என்ற ஸ்டுடியோ; இயக்கம் அகியூகி ஷின்போ; கதை ஜென் உரொபுச்சி. அந்த மார்ச் மாதத்துப் பூகம்பத்தாலும் சுனாமியாலும் கடைசிப் பகுதிகள் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளிப்போய் ஏப்ரலில் வந்தன. மந்திர சக்தி பெறும் சிறுமிகளின் கதை அங்கே பழைய சரக்கு. 1966ல் வந்த ஸாலி என்ற சூனியக்காரச் சிறுமியிலிருந்து ஸெய்லர் மூன்வரை ஒரு மரபே இருக்கிறது. கோலைச் சுழற்றினால் உடை மாறும், தீமை ஒழியும், மறுநாள் பள்ளிக்கூடம். உரொபுச்சி அந்தக் கணக்கில் ஒரு பற்றுச்சீட்டைச் சேர்த்தார். க்யூபே என்ற வெள்ளைப் பிராணி ஒரு சிறுமியிடம் வருகிறது. உன் ஆசை எதுவானாலும் நிறைவேற்றுகிறேன், பதிலுக்கு நீ சூனியக்காரிகளோடு சண்டையிட வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தோடு ஒரு கல் கிடைக்கிறது. அந்தக் கல்லுக்குள் இருப்பது அவளுடைய உயிரேதான் என்பதும், கல் முற்றிலும் கறுத்தால் அவளே சூனியக்காரியாகிவிடுவாள் என்பதும் பிற்பாடுதான் தெரிகிறது.

மூன்றாம் பகுதியில் மாமி என்ற மூத்த பெண் கோரமாகச் சாகிறாள். இந்தத் தொடரை 'இருண்டது' என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு அது ஒரு சாமர்த்தியமாகத்தான் பட்டது. ரசிகனின் கழுத்தைப் பிடித்து உட்கார வைக்கிற காரியம். இருட்டு ஆறாம் பகுதியில் ஆரம்பிக்கிறது. ஸயகா என்ற பெண் தான் நேசிக்கும் வயலின்காரப் பையனின் செயலிழந்த கையைக் குணப்படுத்துவதற்காகத் தன் ஒரே ஆசையைச் செலவிட்டிருக்கிறாள். ஒரு சண்டையைத் தடுப்பதற்காக அவள் தோழி மடோக்கா அந்த நீலக்கல்லைப் பாலத்திலிருந்து கீழே எறிகிறாள். அது ஓடும் லாரியில் விழுந்து போய்விடுகிறது. கல் தூரத்துக்குப் போனதும் ஸயகா நின்ற இடத்தில் பிணமாகச் சாய்கிறாள். ஹோமுரா என்பவள் துரத்திப் போய்க் கொண்டுவந்து கையில் வைத்ததும் கண்ணை விழிக்கிறாள். நான் பூம்பாவையை நினைத்துக்கொண்டேன். அக்கா பெண் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள். 'ஐஸியுலேர்ந்து வந்தப்புறம் கொஞ்ச நாள் என் கை என் கை மாதிரியே இல்ல மாமா. யார்கிட்டயும் சொல்லல' என்றாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் மறுபடி ஓட விட்டாள்.

இதற்குப் பிறகு வரும் இரண்டு பகுதிகள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கண்ணை விழித்தவளை உரொபுச்சி வர்ணிக்கவில்லை, பின்தொடர்கிறார். பையனுக்குக் கை வந்துவிட்டது. வந்த செய்தியை அவளுக்குச் சொல்லாமலே பள்ளிக்கூடம் திரும்புகிறான். ஹிடோமி என்ற இன்னொரு தோழி, தானும் அவனை விரும்புவதாகச் சொல்லி, நீ சொல்வதானால் சொல் என்று ஒருநாள் அவகாசம் கொடுக்கிறாள். மிக நாகரிகமான பெண். ஆனால் தன்னுடையது உயிரில்லாத உடம்பு என்று நம்பிவிட்டவள் யாரிடம் போய் எதைச் சொல்வது? மடோக்காவிடம் அழும்போது ஸயகா வேறொன்றையும் சொல்லிவிடுகிறாள். முன்பு ஹிடோமியை அவள்தான் சூனியக்காரியிடமிருந்து காப்பாற்றியிருக்கிறாள். இன்று ஒரு கணம், காப்பாற்றாமல் விட்டிருக்கலாமோ என்று தோன்றிவிட்டது. அந்த ஒரு கணத்தைத்தான் அவளால் தாங்க முடிவதில்லை. நான் நல்லவள் என்று தன்னைப் பற்றி வைத்திருந்த சித்திரம்தான் அவளுடைய உண்மையான ஆசையாக இருந்திருக்கிறது, அது கீறிவிட்டது. பிறகு அவள் வலியை அறுத்துக்கொண்டு, வெட்டு விழ விழச் சிரித்துக்கொண்டே சண்டையிடுகிறாள். தூண்டப்படாமல் நல்லது செய்கிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். கல் கறுக்கிறது. ரயில் நிலையத்துப் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்து, தான் எவ்வளவு முட்டாள் என்று சொல்லி முடிக்கும்போது கண்ணீர்த்துளி கல்லின்மேல் விழுகிறது. கோழை வீரனாகும் கணக்கில் இதற்கு இடமில்லை. ஆனால் ஒரு மனம் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு, ஒவ்வொரு படியிலும் நியாயத்தோடு, இறங்குவது இதில் காணக் கிடைக்கிறது.

இதை நம்மால் முடியாதது, ஜப்பான்காரனுக்குத்தான் வரும் என்று சொல்ல நான் தயாரில்லை. அதே சேக்கிழார், காரைக்கால் அம்மையார் புராணத்தில், அறுபத்தாறே பாடல்களில், இதைச் செய்திருக்கிறார். இரண்டு மாம்பழங்களில் ஒன்றை அடியாருக்கு இட்டுவிட்ட புனிதவதி, கணவன் இன்னொன்றையும் கேட்கும்போது தவிக்கிறாள். அருளால் பழம் கிடைக்கிறது. ருசி வேறாக இருக்கிறதே, எங்கே கிடைத்தது என்கிறான். சொல்லவும் முடியாது, சொல்லாமலிருப்பதும் தர்மமில்லை. அந்தத் தயக்கம் பாடலில் இருக்கிறது. சொல்கிறாள். அவன் பயந்துவிடுகிறான். வாணிபம் என்று கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்கு இவள் பெயரை வைக்கிறான். உறவினர்கள் அழைத்துப்போய் எதிரே நிறுத்தியதும் அவள் காலில் விழுகிறான். கும்பிடுவதைவிடத் தீர்மானமாக ஒருவன் மனைவியை மறுக்க முடியாது. அதன் பிறகுதான் அவள் இவனுக்காகச் சுமந்த தசையைக் கழித்துப் பேயுருவம் கேட்கிறாள். சூனியக்காரியாவது ஸயகாவுக்குத் தண்டனை. புனிதவதிக்கு அதுவே விண்ணப்பம். அம்மையார் தாமே பாடியவற்றில் மாம்பழமும் இல்லை, கணவனும் இல்லை. பேயும் சுடுகாடும் ஆடுகிறவனும்தான். இடைப்பட்ட மனசைக் கட்டித் தந்தவர் சேக்கிழார். ஆகவே பூம்பாவையின் மௌனத்துக்கு அவருடைய திறமைக் குறைவு காரணமில்லை. அந்தக் கதை சம்பந்தருடையது. அதில் அவள் ஒரு சாட்சியம்.

ஹோமுராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவள் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும். ஒன்பது பகுதிகளில் கல்நெஞ்சுக்காரியாக வருகிறவளின் பூர்வ கதை பத்தாம் பகுதியில் வருகிறது: இதய நோயிலிருந்து தேறி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த, கண்ணாடியும் இரட்டைப் பின்னலும் போட்ட, பயந்த பெண். மடோக்காவைக் காப்பாற்ற ஒரே மாதத்தைத் திரும்பத் திரும்ப வாழ்ந்து இப்படி ஆகியிருக்கிறாள். விளைவை முதலில் காட்டிக் காரணத்தைப் பின்னால் வைத்த கட்டுமானம் பிரமாதம். ஆனால் அதில் நான் வியந்தது கட்டுமானத்தை. ஸயகாவிடம் எனக்கு அந்த வியப்பு எழவில்லை, பார்க்கச் சங்கடமாக இருந்தது.

முடிவில் எனக்கு ஆட்சேபம் உண்டு. பதினோரு பகுதிகள் பார்த்துக்கொண்டே இருந்த மடோக்கா, விலை தெரிந்த பிறகு ஆசையைக் கேட்கிறவள். இறந்த காலத்திலும் எதிர்காலத்திலும் எந்தச் சிறுமியும் சூனியக்காரியாகக் கூடாது என்று கேட்டு, அதன் பலனாக உருவமற்ற ஒரு விதியாகக் கரைந்துபோகிறாள். ஹோமுராவையும் தன் வீட்டாரின் மங்கலான ஞாபகத்தையும் தவிர அவளுக்கு உலகத்தில் இடமில்லாமல் போகிறது. கன்னிமாடத்திலிருந்து சிவத்தை அடைவதும் இதே வாசல்தான். மனசு சிக்கலாகும் இடத்தில் பெண்ணைத் தெய்வமாக்கி அனுப்பிவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கும் போலிருக்கிறது. ஆனாலும் உரொபுச்சி ஸயகாவை விட்டுவிடவில்லை. மேடையில் அந்தப் பையன் வயலின் வாசிப்பதை இரண்டு பெண்களும் உட்கார்ந்து கேட்கிறார்கள். உன்னை முழுக்கக் காப்பாற்ற வேண்டுமானால் இந்தக் கையையும் இல்லாமல் ஆக்க வேண்டியிருந்தது, நீ அதை விரும்பமாட்டாய் என்று நினைத்தேன் என்கிறாள் மடோக்கா. ஆமாம் என்கிறாள் ஸயகா. கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

2013ல் வந்த திரைப்படத்தில், தெய்வமாகிப் போனவளை ஹோமுரா பிடித்து இழுத்துக் கீழே கொண்டுவந்து, சாதாரணப் பள்ளிக்கூடப் பெண்ணாக வைத்துக்கொள்கிறாள். அதற்கு முன்னால் சம்மதம்போல ஒன்றைக் கேட்டு வாங்கியும் இருக்கிறாள், ஆனால் பழைய ஞாபகம் எதுவும் இல்லாத மடோக்காவிடம். அக்கா பெண் இதை இன்னும் பார்க்கவில்லை. அரைப்பரீட்சை முடியட்டும் என்றிருக்கிறாள்.