செம்பில் முப்பது கால்வாய்கள்

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது அந்த லேத் பட்டறை. வாசலில் வளைந்த ஷாஃப்ட்டுகளும் தேய்ந்த புஷ்களும் குவிந்து கிடக்கின்றன. அச்சு இயந்திர உருளை, முச்சக்கரவண்டி உதிரி என்று இங்கே வருவதில் பெரும்பாலானவை உடைந்தவை, பழுதானவை. புதிதாக ஒன்றைச் செய்து தரும்படி கேட்டு வருபவர்கள் குறைவு. அப்படி வந்த ஒருவருடன்தான் நான் போயிருந்தேன்: வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் இருந்துகொண்டு கல்யாண வீடியோ தொகுக்கும் ஒரு தம்பி.

இரவு முழுக்க ரெண்டர் ஓடும் அவருடைய கணினியில் புரொசெசர் மட்டும் 140 வாட் வரை இழுக்கிறது. சின்ன அறை, கடற்கரைப் புழுக்கம், விசிறியின் இரைச்சல். தண்ணீரால் குளிர்விக்க வோட்டர் பிளொக் ஒன்று தேவைப்பட்டது. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாம்தான். ஆனால் 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்து ரூபாய் விழுந்த பிறகு அந்த விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. தானே வரைந்தார்.

புரொசெசரின் மேல் அமரும் செம்புக் கட்டிதான் பிளொக். அடிப்பக்கம் சூட்டை வாங்குகிறது, உள்ளே ஓடும் தண்ணீர் அதை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர் ஓடினாலே போதும். 140 வாட்டை வாங்கிக்கொண்டும் அது சுமார் 2 பாகைதான் சூடேறும். ஆகவே தண்ணீர் போதாது என்ற கவலை வேண்டியதில்லை. செம்பிலிருந்து தண்ணீருக்குச் சூடு இறங்கப் பரப்பு போதுமா என்பதுதான் கேள்வி. 1981இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டக்கர்மன், பீஸ் என்ற இருவர் சிலிக்கனில் 50 மைக்ரோன் அகலக் கால்வாய்களை வெட்டித் தண்ணீர் ஓட்டி, சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை அகற்றிக் காட்டினார்கள். இன்றைய பிளொக்குகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை.

கொட்டாஞ்சேனையில் 50 மைக்ரோன் நடக்காது. அரை மில்லிமீட்டர் நடக்கும். தம்பியின் கணக்கு அதை வைத்துத்தான்: 30க்கு 30 மில்லிமீட்டர் சதுரத்தில், அரை மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் ஆழமுமாக முப்பது கால்வாய்கள். தட்டையாக விட்டால் 900 சதுர மில்லிமீட்டராக இருக்கும் பரப்பு, கால்வாய்ச் சுவர்களையும் சேர்த்தால் 6300 ஆகிவிடும். ஏழு மடங்கு.

பட்டறைக்காரரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் வரைபடத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். ஓ-ரிங் பதியும் பள்ளம் அதில் செங்கோணமாகத் திரும்பியிருந்தது. "சுத்துற கட்டர் உள்மூலையைச் சதுரமா வெட்டாது தம்பி. வெட்டினாலும் ரிங் மடிஞ்சு தண்ணி கசியும்" என்று சோக்குக் கட்டியால் மேசையில் ஒரு வளைவு கீறினார். தம்பி மறுபேச்சில்லாமல் மடிக்கணினியைத் திறந்து நான்கு மூலைகளையும் வளைத்தார். அந்த பிளொக் பாதி வெள்ளவத்தையில் பிறந்தது, மீதி அந்த மேசையில் பிறந்தது என்றே சொல்வேன்.

செம்பு, மின்பலகை செய்பவர்களிடம் வாங்கிய பஸ்பார் துண்டு. வெப்பத்தைக் கடத்துவதில் பித்தளையைவிட மூன்று மடங்குக்கும் மேல் நல்லது. வெட்டுவதற்கோ பித்தளையைவிடப் பெரும் சிரமம். உளியில் ஒட்டிக்கொள்ளும், பிசிறு விடும். பாஸ் மண்ணெண்ணெயில் எண்ணெய் கலந்து தூரிகையால் பூசிக்கொண்டே மில்லிங் மெசினில் மெல்லிய வட்ட வாளை இறக்கினார். ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டர் ஆழம்தான். ஒரு கால்வாய் முடிந்ததும் கைச்சக்கரத்தைத் திருப்பி மேசையை 1 மில்லிமீட்டர் நகர்த்துவார், எப்போதும் ஒரே திசையில். இரண்டு கால்வாய்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் தகடு எஞ்சி நிற்கும். தவறிக் கூடுதலாகப் போய்விட்டால் அந்த அளவுக்கு மட்டும் பின்னால் எடுப்பதில்லை. வெகுதூரம் பின்னுக்குக் கொண்டுபோய், பழைய திசையிலேயே மறுபடி முன்னேறி வருவார். "பின்னுக்குத் திருப்பினா ஸ்குரூவில பிளே விழும். அரை மில்லி தகட்டுக்கு அது தாங்காது." ஒவ்வொரு கால்வாய் முடிவிலும் வாளை நிறுத்தி, பல் இடுக்கில் சிக்கிய செம்புத் துகளைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டினார். ஒரு துகள் சிக்கினாலும் பக்கத்துத் தகடு சாய்ந்துவிடுமாம். முப்பதும் முடியும்வரை அவர் வேறு பேச்சே பேசவில்லை.

குழாய் பூட்டும் மரை இலகுவாக முடிந்தது. உலகெங்கும் இந்த பிளொக்குகளில் பெரும்பாலும் இருப்பது கால் அங்குல பிஎஸ்பி மரை. குழாய் வேலைக்காரர்களுக்குப் பழகிய குடும்பம். 11.8 மில்லிமீட்டர் துளை, அங்குலத்துக்கு 19 புரி. பாஸின் பெட்டியிலேயே அந்த டாப் இருந்தது. மேல்மூடி பேர்ஸ்பெக்ஸ். 2 மில்லிமீட்டர் ஓ-ரிங்குக்கு 1.5 மில்லிமீட்டர் பள்ளம். அந்த அரை மில்லிமீட்டர் நசுங்கினால்தான் தண்ணீர் நிற்கும். அடிப்பக்கத்தைக் கண்ணாடித் தட்டில் ஈர எமரித்தாள் வைத்துத் தேய்த்துச் சமன்படுத்தினார்கள். கடைசியில் காற்றடித்து வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்தார்கள். குமிழி வரவில்லை.

இதைச் செய்ய நினைப்பவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அறை 30 பாகை என்றால் ரேடியேட்டரால் தண்ணீரை அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. ரேடியேட்டரை மட்டும் வைத்து இந்த எல்லையை யாரும் தாண்ட முடியாது. செம்பு பிளொக்குக்கு அலுமினிய ரேடியேட்டரை இணைக்கவே வேண்டாம், அலுமினியம் அரித்துப் போய்விடும். குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக பட்டரி தண்ணீர் வாங்கி, அரிப்புத் தடுப்பானும் கலந்து ஊற்றுங்கள். அசிட் கலந்ததைத் தந்துவிடாமல் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

பாஸிடம் இப்போது உதவிக்கு ஆள் இல்லை. கையால் சக்கரம் திருப்பப் பழக யாரும் வருவதில்லை என்கிறார். மொறட்டுவையிலும் மற்ற இடங்களிலும் பொறியியல் படிக்கும் பிள்ளைகளைக் கேட்கிறேன்: உங்கள் வரைபடத்தை ஒருமுறையாவது இப்படியொரு பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஃபைலைப் போனில் அனுப்பிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், வெட்டி முடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள். அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.