கப்பல் தளத்தில் கட்ட நினைத்த ரொக்கட்

'சீ ட்ராகன்' என்ற ரொக்கட்டைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டோம். அது கட்டப்படவே இல்லை. 1962இல் அமெரிக்காவின் ஏரோஜெட் நிறுவனத்தில் இருந்த முன்னாள் கடற்படை அதிகாரி ரொபர்ட் ட்ருவாக்ஸ் தீட்டிய திட்டம் அது. நீளம் 150 மீற்றர், விட்டம் 23 மீற்றர். ஒரே தடவையில் 550 தொன் சுமையைப் பூமியின் சுற்றுப்பாதைக்கு ஏற்றிவிடுமாம். சந்திரயான் 3ஐச் சுமந்து சென்ற இந்திய ரொக்கட்டின் உயரம் 43.5 மீற்றர்தான்.

என்னைக் கவர்ந்தது அதன் பருமனல்ல, எளிமை. ரொக்கட்டின் விலையை ஏற்றுவது அளவல்ல, சிக்கல்தான் என்பது ட்ருவாக்ஸின் வாதம். ஆகவே எரிபொருளை எஞ்சினுக்குத் தள்ள பம்பிகள் இல்லை, வாயு அமுக்கம் மட்டுமே. முதற் கட்டத்துக்கு மண்ணெண்ணெயும் திரவ ஒட்சிசனும். உடலைக் கப்பல் கட்டும் தளத்திலேயே உருக்குத் தகடுகளால் ஒட்டிவிடலாம். பிறகு கடலுக்கு இழுத்துச் சென்று, வாலில் பூட்டிய தொட்டியில் நீர் நிரப்பினால் தானாக நிமிர்ந்து நிற்கும். ஏவுதளமே வேண்டாம்!

கொட்டாஞ்சேனையில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். வாப்பாவுக்கு அங்கேதான் வேலை. "இத இங்க கட்டேலுமா வாப்பா?" என்று கேட்டேன்.

"கட்டேலும் மகள். இதவிட நீட்டுக் கப்பலெல்லாம் டொக்யார்ட்டுக்கு வருது. ஆனா ஏத்துறதுக்கு 550 தொன் சாமான் யாருக்கிட்ட ஈக்கி?"

நாசாவிடமும் அதற்குப் பதில் இருக்கவில்லை. சந்திரனுக்குப் போக சட்டர்ன் 5 போதுமாக இருந்தது. 1960களின் நடுப்பகுதியில் பணமும் சுருங்க, எதிர்காலத் திட்டங்களுக்கான பிரிவையே மூடிவிட்டார்கள்.

"கட்டாத ஒண்ட வச்சி இவ்வளவு நேரமா? பொம்புளப் புள்ளக்கி டொக்யார்ட்ல என்ன வேல?" என்றார் சாச்சி. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பொறியியலைத்தான் முதலில் எழுதப்போகிறேன். உம்மா இன்னும் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

வெள்ளவத்தையில் பௌதிகவியல் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குச் செய்தேன். எரிபொருள் நிரப்பினால் திணிவு ஏறத்தாழ 18,000 தொன். ஆக்கிமிடிசின் தத்துவப்படி சுமார் 17,500 கன மீற்றர் கடல்நீரை அது இடம்பெயர்க்க வேண்டும். நேரான உருளை என்று வைத்துக்கொண்டால், வால் தொட்டியை விட்டாலும், 42 மீற்றர் நீருக்குள் இருக்கும். கொழும்புத் துறைமுகத்தின் ஆழம் அதில் பாதிகூட இல்லை.

அன்றிரவு உம்மா அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இத எவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டார்.