கல்லும் புதரும் சின்னானும்

ஜூன் 15, 2025, ஞாயிறு. திருவண்ணாமலை

விடியும் முன்பே ரமணாசிரமத்துக்குப் பின்னால் கந்தாசிரமப் பாதையில் ஏறினேன். மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடித்தான் இந்த நடை. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. 1845இல் பறவையியலாளர் ஜெர்டான் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். இன்று சிவப்புப் பட்டியலில் ‘அழிவாய்ப்பு இனம்’. கொண்டைக் குருவிகள் கூப்பிட்டன, வெண்புருவச் சின்னான் பதில் சொன்னது. தேடிய பறவை கண்ணில் படவில்லை.

அதற்குப் பாறை மட்டும் போதாது. பாறையிடுக்கில் வேர்விட்ட இச்சி, காரை, சூரை, களா என்று பழமும் மறைவும் தரும் புதர்கள் வேண்டும். அண்ணாமலையில் பாறைக்குப் பஞ்சமில்லை. கோடையில் எலுமிச்சம்புல்லில் பற்றும் தீ புதர்களைத்தான் கொண்டுபோகிறது. வனத்துறையும் ‘தி ஃபாரஸ்ட் வே’ போன்ற அமைப்புகளும் தீத்தடுப்புக் கோடு வெட்டி, நாட்டு மரங்களை நட்டு மீட்ட பசுமையில்தான் இன்று நிழலோடு நடந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு. செஞ்சி

செஞ்சிக் கோட்டையை வெள்ளியன்று யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மராத்தியர் ராணுவக் கோட்டைகளின் வரிசையில் இடம்பெற்ற பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே. ஊர் மகிழ்ச்சியில் இருக்கிறது. நான் கோட்டைக்கு அப்பால் ஒரு குன்றடியில் உட்கார்ந்திருந்தேன்.

வெயில் ஏறுமுன் சின்னான் வந்தது. சாம்பல் உடல், மஞ்சள் தோய்ந்த தலை, தொண்டையிலும் வாலடியிலும் பளிச்சென்ற மஞ்சள். உருண்டைப் பாறையின் உச்சியில் ஒரு கணம் நின்றது. அலகில் புழு. அப்படியென்றால் அருகிலெங்கோ குஞ்சுகள் இருக்கும். கைபேசியில் இதே இனத்தின் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பவர்கள் உண்டு. கூட்டை விட்டு அது இல்லாத எதிரியைத் தேடி அலைய, குஞ்சுகள் பசித்துக் கிடக்கும். எழுந்து வெகுதூரம் பின்னால் போனேன். அங்கிருந்து எடுத்தபோது படத்தில் குன்று முழுவதும் வந்தது.

ஆடு மேய்க்கும் பெரியம்மா ஒருவர் நின்று பார்த்தார்.

“இன்னா தம்பி, கல்லைப் படம் புடிக்கிறே?”

“கல்லு மேல ஒரு குருவி இருக்குதும்மா. இந்தப் புதரு இருந்தாத்தான் அதுக்குப் பொழப்பு.”

“புதரு இருந்தாத்தான் எங்க ஆட்டுக்கும் பொழப்பு” என்றார்.

ஜூலை 14, திங்கள். வீடு

படங்களைப் பிரித்தேன். பின்னணி மங்கி, இறகு இறகாகத் தெரியும் படம் பார்க்க அழகு. ஆனால் அந்தப் பறவை எங்கே வாழ்கிறது என்பதை அது சொல்லாது. தூரத்துப் படத்தில் பறவை ஒரு மஞ்சள் புள்ளி. அதைச் சுற்றிக் கல், முள், இச்சி, ஆட்டுத்தடம் எல்லாம் இருக்கின்றன. காக்க வேண்டியதெல்லாம் அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

நம் கணக்கேடுகள் இந்த நிலத்தை வேறு விதமாகப் பார்க்கின்றன. நாட்டின் பாழ்நில வரைபடத் தொகுப்பில் புதர்நிலமும் பாறைநிலமும் தனித்தனி வகைகள். பாழ் என்று எழுதிவிட்ட நிலத்தை உடைப்பது எளிது. நல்லெண்ணத்தோடு நெருக்கமாக மரம் நட்டுக் காடாக்கினாலும் திறந்த பாறைப் புதரில் வாழும் இந்தப் பறவை இடம் இழக்கும். கோட்டையை அழகுபடுத்துவோர் மதில்களைத் துலக்கட்டும், பாறை இடுக்குப் புதர்களைத் தொடாமல் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. திருவண்ணாமலை

சாலையோரக் குன்று ஒன்றைக் கல்குவாரி பாதிக்கு மேல் அறுத்துவிட்டது. எரிந்த புதர் சில மழைக்காலங்களில் துளிர்க்கும். உடைத்த குன்று திரும்ப வராது.

குஞ்சு வளரும் காலம் முடியட்டும் என்று வைத்திருந்த படங்களை இன்று தேதியும் இடமும் குறித்து பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு தளத்தில் ஏற்றினேன், தூரத்துப் படங்களையும் சேர்த்து. நாளை இந்தக் குன்றுகளில் ஒன்று குவாரி ஏலத்துக்கு வந்தால், இது பாழ்நிலம் என்று யாரும் எழுதுமுன் எதிரே வைக்க ஒரு சான்று வேண்டும். என்னைப்போல் கேமராவோடு குன்றேறும் ஒவ்வொருவரும் ஒரு படமாவது பின்னால் நகர்ந்து எடுங்கள்.