பாலூட்டுபவளுக்கு ஊட்டுவது யார்?

தாய்ப்பாலின் மேன்மையை எடுத்தோதாத சமயமில்லை, போற்றாத புலவருமில்லை. நாம் வாழும் எட்டயபுரத்தில் அடக்கம் பெற்றிருக்கும் உமறுப் புலவர், சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில், அன்னை ஹலீமா (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டிய வரலாற்றுக்கென்றே ஒரு படலம் வகுத்திருக்கிறார். அதனை மாணவர்க்குப் பாடம் சொல்லும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. ஊட்டிய பாலின் பெருமையைப் பேசுகிறோம். ஊட்டும் தாயின் உள்ளத்தைப் பற்றி என்றேனும் பேசுகிறோமா?

அன்னை ஹலீமா மக்காவுக்கு வந்தது பஞ்ச ஆண்டில். பெற்ற பிள்ளைக்கே பால் போதாமல், அதன் அழுகையால் இரவெல்லாம் உறக்கமிழந்ததாக அவர்களே கூறியிருப்பதைச் சீரா நூல்கள் பதிவு செய்துள்ளன. அண்ணலாரை மடியில் ஏந்தியதும் பரக்கத் பெருகிற்று. அப்போது நடந்ததைக் கவனியுங்கள். கணவர் எழுந்து சென்று ஒட்டகத்தைக் கறந்தார். இருவரும் வயிறாரப் பருகினர். அன்றிரவு நிம்மதியாக உறங்கினர். குழந்தைக்குப் பால் சுரந்த அதே இரவில் தாய்க்கும் உணவும் உறக்கமும் கிடைத்தன!

நம்மைத் தேடி வருவோருள், “பிள்ளை பால் குடிக்கவில்லை, கண்ணேறு பட்டிருக்கும், ஓதித் தண்ணீர் தாருங்கள்” என்று கேட்போர் பலர். சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் அவ்வாறு வந்தார். பிறந்து ஐந்து வாரமான பெண் குழந்தை. “தாய் எப்படி இருக்கிறார்?” என்று கேட்டோம். சற்றுத் தயங்கிவிட்டு, “சோறு இறங்கவில்லை ஹஜ்ரத். தூக்கமும் இல்லை. பிள்ளையை மடியில் போட்டால் அழுகிறாள். ஈமான் குறைவு என்கிறார்கள் வீட்டில்” என்றார். ஓதிக் கொடுத்தோம், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறும் கண்டிப்பாகச் சொன்னோம். மருத்துவம் செய்துகொண்டு சில மாதங்களில் அப்பெண் தேறினார்.

மருத்துவர் பத்துக் கேள்விகள் கேட்டதாக அந்த மாணவர் வியப்புடன் சொன்னார். அவை எடின்பரோ அளவுகோல் எனப்படுபவை, 1987இல் வெளியாயின. சிரிக்க முடிகிறதா, காரணமின்றி உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்களா என்பன போன்ற எளிய கேள்விகள். அவற்றின் தமிழ் வடிவமும் ஆய்ந்து பார்க்கப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளது. பேறு முடிந்த முதல் சில நாட்களில் தாய்மார் பலருக்குக் கண்ணீர் வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது தானே அடங்கிவிடும். அடங்காமல் நீடித்தால் அது நோய். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, குழந்தைக்குத் தீங்கு செய்யும் எண்ணமோ தலைகாட்டினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

இந்நோய் நகரத்துச் செல்வச் சீமாட்டிகளுக்கே வருவது என்று எண்ணுவோர் உண்டு. வேலூருக்கு அருகிலுள்ள கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 கருவுற்ற பெண்களை, பேறு முடிந்த பின்னும் தொடர்ந்து சென்று கண்டு, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் ஓர் ஆய்வு செய்தனர். 2002இல் அது வெளியாயிற்று. நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் பேற்றுக்குப் பின் புதிதாக இந்த மனச்சோர்வு கண்டது. அதனுடன் தொடர்புடையனவாக அவர்கள் கண்டவை எவை? வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைவேலைக்கு உதவ ஆளில்லாமை. பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்த ஜாஹிலிய்யாக் கால மனிதரைத் திருமறை கண்டித்திருப்பதை அறிந்த நம் இல்லங்களில் இந்தக் காரணம் இடம்பெறலாமா?

தாயின் மனமும் பாலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. குழந்தை சுவைக்கும்போது ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு எழுந்து பாலை வெளியே தள்ளுகிறது. அச்சமும் கவலையும் அதனைத் தடைப்படுத்தும். பாலூட்டும் செவிலிக்குக் கோபமும் துயரும் ஆகா என்று இப்னு ஸீனா தம் ‘அல்கானூன்’ நூலில் முன்னரே எச்சரித்திருக்கிறார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதித் தாய்மாரைப் பற்றி 2015இல் வந்த ஆய்வொன்று மற்றொன்றையும் காட்டிற்று. பாலூட்ட விரும்பி அவ்வாறே ஊட்டியவரிடம் மனச்சோர்வு குறைவு. ஊட்ட விரும்பியும் இயலாமற்போனவரிடமே அது மிகுதி. அத்தகையவரைப் பார்த்து, “உனக்குப் பால் இல்லையா?” என்று கேட்பது புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். மழை பொய்த்த ஆண்டில் நம் கரிசல் சம்சாரி நிலத்தை ஏசுவதில்லை, வானத்தைத்தான் பார்க்கிறார்.

அந்த மழை எங்கிருந்து வரவேண்டும்? அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தைக் கருதிப் பாருங்கள். ஈராண்டுப் பாலூட்டலைக் கூறிய உடனேயே, தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் பொறுப்பாக்குகிறது. குழந்தையை முன்னிட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்கிறது. பால்குடி மறக்கச் செய்வதற்கு இருவரும் கலந்து பேசி இசைய வேண்டும் என்கிறது. தேவையானால் வேறொருத்தியைக் கொண்டு பாலூட்டவும் இடமளிக்கிறது. பாதி வசனத்தை மனைவிக்கு ஓதிக் காட்டி, மீதியைத் தமக்கு ஓதிக்கொள்ளாத கணவர்மார் எத்தனை பேர்! நிஃபாஸ் காலத்தில் தொழுகையிலிருந்தே அவளுக்கு விலக்குண்டு. தன் கடமையில் இறைவனே சலுகை தந்திருக்க, அடுப்படி வேலையில் நாம் சலுகை தர மறுப்பது எந்த நியாயம்?

துணை இருந்தால் துயர் குறையும் என்பதற்கும் சான்றுண்டு. பாகிஸ்தானில் இராவல்பிண்டிக் கிராமங்களில், மனச்சோர்வுற்ற 900க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடையே நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. மனநல மருத்துவர் அல்லாத, அவ்வூர்ச் சுகாதாரப் பெண் பணியாளர்களே பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று ஆறுதலும் வழியும் கூறினர், குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டனர். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், இவ்வுதவி பெற்றவருள் நூற்றுக்கு 23 பேரிடமே சோர்வு எஞ்சியிருந்தது. பெறாதவருள் நூற்றுக்கு 53 பேரிடம் இருந்தது.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நம் பகுதியில் தீப்பெட்டி ஆலைக்கும் பருத்திக் காட்டுக்கும் சென்று உழைத்த பெண், பேறு முடிந்து படுத்திருக்கும் நாட்களில் ஒரு வேளைச் சூடான சோறு, இரவில் ஒரு முறையேனும் கணவர் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்ள, அவளுக்கு இரண்டு மணி நேர உறக்கம், “எப்படி இருக்கிறாய்?” என்று அவளைப் பார்த்து ஒரு கேள்வி. தொட்டிலைப் பார்க்க வருவோர் கட்டிலையும் பார்க்கட்டும்.

பாலூட்டும் அன்னையரின் உடலையும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! அவர்களைக் காக்கும் பொறுப்பை உணர்ந்த குடும்பங்களாக நம்மையும் ஆக்குவானாக! ஆமீன்.