எல்லீஸ் சாலையில் ஒரு மாலை: இரண்டு லென்ஸ், ஒரு சேமிப்பு, அப்பா - மகள்!

சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது எல்லீஸ் சாலை. ஒரு பக்கம் அண்ணா சாலையின் இரைச்சல், இன்னொரு பக்கம் திருவல்லிக்கேணியின் மேன்ஷன்கள். நடுவில் இந்தச் சாலை முழுக்க ஸ்டூடியோக்காரர்களின் உலகம். ஆல்பம் அட்டை, ஃபிளாஷ், ட்ரைபாட், வெள்ளைக்குடை, எல்.இ.டி லைட் எனக் கடை வாசலிலேயே கல்யாண மண்டபத்துக்கான பாதிச் சாமான் நிற்கிறது. முகூர்த்த மாதம் என்றால் வெளியூர் பேருந்தில் வந்து இறங்கி, சாமான் வாங்கிக்கொண்டு, இரவே ஊர் திரும்புகிறவர்கள் உண்டு.

அப்படித்தான் திண்டிவனத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு 57 வயது. 26 வருடம் சொந்த ஸ்டூடியோ நடத்தி, கொரோனாவுக்குப் பிறகு மூடியவர். மகளுக்கு 24. ஒரு கேண்டிட் டீமில் உதவியாளராக இரண்டு வருடமாக வேலை. வியாழக்கிழமை விழுப்புரத்தில் ஒரு வரவேற்பு. அவள் முதல்முறையாகத் தனியாக எடுக்கும் ஆர்டர். இதுவரை அவள் பயன்படுத்திய 50 எம்.எம் லென்ஸ் டீமுடையது. தனி ஆர்டருக்கு அதைக் கேட்க முடியாது.

கையில் 22,000 ரூபாய். வாங்க வேண்டியது ஒரு லென்ஸ். அவ்வளவுதான் கணக்கு என்றால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால், அவளுடைய செகண்ட் ஹேண்ட் நிக்கான் டி750 கேமராவுக்காக அம்மாவின் மூன்று சவரன் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. மாதக் கடைசிக்குள் வட்டியாவது கட்ட வேண்டும்.

"வாங்க அண்ணே, ரொம்ப நாளாச்சு" என்று வரவேற்றார் கடைக்கார பாய். ஃபிலிம் காலத்திலிருந்து அப்பாவுக்குத் தெரிந்தவர். கேட்டதும் கண்ணாடி அலமாரியிலிருந்து இரண்டு லென்ஸை எடுத்து ரப்பர் விரிப்பின் மேல் வைத்தார். இரண்டும் நிக்கான், இரண்டும் 50 எம்.எம், இரண்டும் பழசு. ஒன்று எஃப் 1.8ஜி, 9,500 ரூபாய். இன்னொன்று எஃப் 1.4ஜி, 19,000 ரூபாய்.

தள்ளி நின்று பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கின்றன. இரண்டுக்கும் முன்னால் 58 எம்.எம் ஃபில்டர்தான். இரண்டாலும் 45 சென்டிமீட்டருக்கு உள்ளே இருக்கும் பொருளைப் பிடிக்க முடியாது. கையில் தூக்கினால்தான் வித்தியாசம் தெரிகிறது. சிறியது 185 கிராம், பெரியது 280 கிராம். விலையோ நேர் இரட்டிப்பு.

"ஒன் ஃபோரையே எடுத்துக்க பாப்பா" என்றார் அப்பா, விலையைக் கேட்கும் முன்பே.

"எதுக்குப்பா?"

"லைட் வாங்கும்ல."

உண்மைதான். 1.4 என்பது 50 எம்.எம்-ஐ லென்ஸ் திறப்பின் அகலத்தால் வகுத்தால் வரும் எண். எண் குறையக் குறைய வாய் பெரிதாகும். 1.8 லென்ஸின் திறப்பு சுமார் 28 மில்லிமீட்டர், 1.4 லென்ஸுக்கு சுமார் 36. பரப்பளவில் பார்த்தால் பெரியது ஏறக்குறைய 65 சதவிகிதம் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால், புகைப்படக்காரர்கள் பேசும் 'ஸ்டாப்' கணக்கில் இது முக்கால் ஸ்டாப்கூட இல்லை.

அப்பா பிடிவாதமாக நின்றதற்கு வெளிச்சம் மட்டும் காரணமில்லை. அவரிடம் இருந்தது எஃப்.எம்2. அதோடு வந்த 50 எம்.எம் 1.8-ஐ வைத்தே ஊரில் பாதிக் கல்யாணங்களை எடுத்திருக்கிறார். பக்கத்துத் தெருவில் பெரிய ஸ்டூடியோ வைத்திருந்தவரிடம் 1.4 இருந்தது. "மண்டபத்துல அவர் லென்ஸைக் கழட்டி டேபிள்ல வைப்பாரு. எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க" என்றார், பாயிடம். மகள் அதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். அதுவரை விலை பேசத் தயாராக இருந்தவள், பேசாமல் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பழைய லென்ஸ் வாங்குவதில் சென்னைக்கென்று ஒரு தொல்லை உண்டு. கடற்கரை ஈரம். பயன்படுத்தாமல் பையிலேயே கிடந்த லென்ஸின் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும், சிலந்தி வலையின் நூல் மாதிரி. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. பாய், மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, லென்ஸை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். இரண்டிலும் தூசி இருந்தது, பூஞ்சை இல்லை. பின்பக்கமிருக்கும் சிறிய நெம்புகோலை விரலால் தள்ளி, உள்ளே இதழ்கள் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் சட்டென்று மூடித் திறக்கின்றனவா என்றும் பார்க்கச் சொன்னார். லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமல் பணத்தை எடுக்கவே கூடாது.

"ரெண்டையும் கொண்டு போய் வெளியில எடுத்துப் பாரும்மா. பையன் கூட வருவான்" என்று கடைப் பையனை அனுப்பினார்.

மணி ஆறே முக்கால். இருட்டிவிட்டது. எல்லீஸ் சாலையை இந்த நேரத்தில் பார்க்க வேண்டும். ஆட்டோ முகப்பு விளக்கு, கடைகளின் வெள்ளை எல்.இ.டி, டீக்கடையின் மஞ்சள் குண்டு பல்பு, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. ஒரு கல்யாண மண்டபத்தின் குழப்பமான வெளிச்சத்துக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது.

இந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த எல்லீஸும் சாதாரண ஆள் இல்லை. சென்னையின் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லீஸ், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கும் முன்பே 1816-ல் எழுதியவர். திருக்குறளில் ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர். 1818-ல் நகரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது 27 கிணறுகள் வெட்ட வைத்தார். ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றுக் கல்வெட்டில் குறள் ஒன்றையும் பொறிக்கச் செய்தார். அடுத்த வருடமே ராமநாதபுரத்தில் இறந்துபோனார். அவர் பெயரை இன்று தினமும் அதிகம் உச்சரிப்பவர்கள் கேமராக்காரர்கள்தான்.

டீ மாஸ்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு மகள் முதலில் 1.8-ஐ மாட்டினாள். ஷட்டர் 1/125 கிடைத்தது. லென்ஸை மாற்றி, மற்ற எதையும் மாற்றாமல் 1.4-ல் எடுத்தாள். 1/200. டீயை ஆற்றும் கையின் அசைவு இரண்டாவது படத்தில் இன்னும் கொஞ்சம் உறைந்து நின்றது. பின்னால் தெரிந்த விளக்குகள் பெரிய பெரிய வட்டங்களாகப் பூத்திருந்தன.

"பாத்தியா?" என்றார் அப்பா. குரலில் வெற்றி.

மகள் படத்தைப் பெரிதாக்கினாள். மாஸ்டரின் ஒரு கண் கூர்மையாக இருந்தது. காது மங்கிவிட்டது. ஒரு மீட்டர் தூரத்தில் 1.4-ஐ முழுதாகத் திறந்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் மூன்றரை சென்டிமீட்டருக்குள்தான். 1.8-ல் அது நாலு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். இதில் ஒருவர் முகமே முழுதாக அடங்காது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் சேர்த்து எடுக்க வேண்டுமென்றால் இரண்டு லென்ஸையும் 2.8 வரை மூடியே ஆக வேண்டும்.

"2.8-ல வச்சு ரெண்டுலயும் எடு அக்கா" என்றான் கடைப் பையன். அவன் இதற்கு முன்பும் பலரோடு இப்படி வந்திருப்பான் போலிருக்கிறது. எடுத்தாள். இப்போது எது எந்தப் படம் என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். தவறாகச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான சோதனை. பையனைத் தன்னை நோக்கி நடந்து வரச் சொல்லி, இரண்டு லென்ஸிலும் தொடர்ந்து எடுத்தாள். 1.8 தடங்கலின்றிப் பின்தொடர்ந்தது. 1.4-ன் ஃபோகஸ் கொஞ்சம் நிதானம். ஏழு படத்தில் மூன்றில் முகம் தப்பி, சட்டைப் பொத்தான் கூர்மையாக இருந்தது. இந்த இரண்டு லென்ஸையும் பயன்படுத்தியவர்கள் பலரும் சொல்வதுதான் இது. விலை குறைந்தது 2011-ல் வந்தது, மற்றதைவிட மூன்று வருடம் இளையது. பூசாரி கற்பூரத் தட்டோடு திரும்பும் அந்த ஒரு நொடியில் நிதானமான லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைக்குத் திரும்பியதும் பாய் இன்னொன்றையும் சொன்னார். "இப்போ மண்டபமெல்லாம் சீரியல் செட், எல்.இ.டி. மலிவு லைட்டெல்லாம் செகண்டுக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டரை ரொம்ப ஏத்தினா படத்துல பட்டை பட்டையா விழும். லைட் வாங்குற லென்ஸுன்னு வாங்கிட்டு, கடைசியில 1/100-ல தான் எடுப்பீங்க."

1.4-க்கும் சில இடங்கள் உண்டு, அதை மறுக்க முடியாது. ஒற்றைக் குத்துவிளக்கு வெளிச்சத்தில் தனியாக அமர்ந்திருக்கும் மணப்பெண், பின்னால் மங்கிய தீபங்கள். ஒன்பது இதழ் கொண்ட அந்தத் திறப்பு, வட்டங்களைக் கொஞ்சம் மூடிய பிறகும் உருண்டையாகவே வைத்திருக்கும். 1.8-ல் ஏழு இதழ். அப்படி ஒரு படத்துக்காகவே வாங்குகிறவர்கள் வாங்கலாம். ஆனால், அவர்களுக்கு மாதக் கடைசியில் கட்ட வேண்டிய வட்டி இருக்கக் கூடாது.

"அப்பா, இதை எடுத்துக்கறேன்" என்று மகள் சிறியதைத் தொட்டாள். "மிச்சத்துல அம்மா வட்டியும் கட்டிடலாம். ஒரு ஃபிளாஷ் பேட்டரி செட்டும் வாங்கலாம்."

"நான் போடறேன் பாப்பா பாக்கியை" என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து எடுத்த கவரில் 8,000 ரூபாய் இருந்தது. ஸ்டூடியோவின் பழைய என்லார்ஜரை விற்ற பணம். அதையும் அவள் அன்றுதான் தெரிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் மூவரும் பேசவில்லை. பாய், கவரை மெதுவாக அப்பாவின் பக்கமே தள்ளினார்.

"அண்ணே, நீங்க ஊர் முழுக்க எடுத்தது ஒன் எயிட்லதானே? எந்தப் பொண்ணு வீட்டுக்காரராவது லென்ஸ் நம்பர் கேட்டாரா?"

அப்பா சிரித்துவிட்டார். விலையில் 300 ரூபாய் குறைத்து, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் கூடச் சேர்த்தார் பாய். காற்றுப் புகாத டப்பாவில் இதோடு போட்டு வைக்க வேண்டும், மாதத்துக்கு நாலு தடவையாவது வெளியே எடுத்துப் படம் எடுக்க வேண்டும் என்று அறிவுரை வேறு.

கிளம்பும்போது, அலமாரிக்குத் திரும்பப் போன 1.4-ஐ அப்பா இன்னொரு முறை கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். முன்மூடியைக் கழற்றி, டேபிளில் வைத்தார். பிறகு மூடிவிட்டார்.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் சாம்பார் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் பேருந்து ஏறினார்கள். அங்கே எடுத்த முதல் படத்தில் அப்பாவின் முகம் கூர்மையாக இருக்கிறது, இட்லி மங்கல்.