தாயைப் பிரியும் விதைகள்

ஒரு வேப்பமரத்தின் பழங்கள் அனைத்தும் அதன் அடியிலேயே விழுந்து முளைத்தால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? தாய்மரத்தின் நிழலில் கன்றுகளுக்கு வெயில் கிட்டாது. மண்ணிலுள்ள ஈரத்தையும் தாயே உறிஞ்சிக் கொள்ளும். மிஞ்சியதற்கு நூறு கன்றுகளும் போட்டியிட்டு வாடிப் போகும். ஆகவே விதை தாயைப் பிரிந்து செல்லத்தான் வேண்டும். காலில்லாத விதை எப்படிச் செல்லும்? இறைவன் அதற்கு வகுத்த வழிகளை நம் விருதுநகர்ப் பக்கத்துச் செடிகளைக் கொண்டே சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும் என்று சிஸ்டர் கூறியிருப்பதால், வாயில் நுழையாத பெயர்களை விட்டுவிட்டேன்.

முதலில் காற்று. ரயில் பாதையோரத்து எருக்கங்காய் முற்றி வெடித்ததும், பட்டுக் குஞ்சம் சூடிய தட்டை விதைகள் மிதந்து வரும். பிடித்து ஊதி விளையாடலாம். செடியின் பால் மட்டும் கண்ணில் படக் கூடாது. நம் கரிசல் பருத்தியின் பஞ்சும் விதைமேல் வளர்ந்த மயிர்தான். மனிதன் அதைப் பறக்க விடாமல் நூலாக்கிக் கொண்டான்!

நாயுருவிக்கு இறக்கை இல்லை. அது நம் பாவாடையில் ஒட்டிக்கொண்டு இலவசமாகப் பயணம் செய்கிறது. இப்படித்தான் 1941ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் என்ற பொறியாளர் உலாவப் போய்த் திரும்பியபோது, அவர் நாயின் உடலெல்லாம் ஒருவகை முட்காய் ஒட்டியிருந்தது. அவர் அதை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். நுனியெல்லாம் சிறு கொக்கிகள்! உங்கள் காலணியில் 'சர்ர்' என்று பிரியும் வெல்க்ரோ பட்டை அதிலிருந்து பிறந்ததுதான். பழம் தின்னும் பறவைகளைப் பற்றி நீங்களே அறிவீர்கள்; கோயில் கோபுரமானாலும் தேவாலய மதிலானாலும் அரசங்கன்று முளைப்பது அவற்றின் எச்சத்தால்தான்.

இனி, எங்கள் குடும்பத்தையே ஆட்டிவைக்கும் விதைக்கு வருகிறேன். அதுதான் சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளைச் சேர்ந்த இம்மரம் 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வறண்ட நிலத்தில் விறகும் வேலியுமாகப் பயன்படும் என்று வளர்த்தார்கள். பயன்படவும் செய்தது, கரிமூட்டம் போட்டு இன்றும் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் வேலியில் நிற்க வேண்டியது வயலுக்குள் வந்துவிட்டது. எங்கள் அப்பத்தாவின் கம்மங்காடு நான் பிறப்பதற்கு முன்பே கருவேலங்காடாகிவிட்டதாம். 2017ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்றச் சொன்னபோது ஊரெங்கும் மண்வாரி இயந்திரங்கள் ஓடின. அப்பாவும் வாடகை கொடுத்து எங்கள் நிலத்தைச் சுத்தம் செய்தார். அடுத்த மழைக்கே மறுபடி கன்றுகள்!

எப்படி வந்தன? ஆடுகள்தாம் கொண்டுவந்தன. கருவேலங்காய் மஞ்சள் நிறம், இனிப்புச் சுவை. ஆடு அதை விரும்பித் தின்னும். விதைக்குக் கடினமான தோல் இருப்பதால் பல விதைகள் செரிக்காமலே வெளிவரும். வயிற்றுக்குள் அந்தத் தோல் சற்று இளகிவிடுவதால் முளைப்பதும் எளிது; கூடவே புழுக்கை எருவும் கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவை அப்பத்தாவின் ஆடுகளே. கோடையில் புல் கருகியபின் அவற்றுக்கு அந்தக் காய்தான் தீனி. ஆடு விற்ற பணத்தில்தான் என் பள்ளிக் கட்டணம் கட்டப்படுகிறது. நிலம் வேண்டும் என்கிறார் அப்பா. ஆடு வேண்டும் என்கிறார் அப்பத்தா. இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் வழக்கு இன்னும் முடியவில்லை.

கடைசியாக, வெடித்துச் சிதறும் விதைகள். தோட்டத்துக் காசித்தும்பையின் முற்றிய காயைத் தொட்டாலே சுருண்டு தெறிக்கும். ஆமணக்கங்காயை முற்றத்தில் காயப்போட்டால் 'பட் பட்' என்று வெடித்து முத்துக்களை வீசும். (ஆமணக்கு முத்து நஞ்சு; ஒருபோதும் வாயில் போடாதீர்கள்.) இவை காய்வதாலோ தொடுவதாலோ வெடிப்பவை. நனைந்தால் வெடிக்கும் காய் ஒன்று உண்டு. ஊதா நிறப் பூப் பூக்கும் அதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பட்டாசுக்காய் என்கிறார்கள்.

என் அம்மா பட்டாசு ஆலையில் வேலை செய்கிறார். அங்கே ஈரம் பகை. மருந்து வைத்த சரக்கை வெயிலில் உலர்த்த வேண்டும். மழை வந்தால் வேலை நிற்கும், இடி மின்னல் என்றால் ஆபத்தும் கூட. செய்த அளவுக்குத்தான் கூலி. ஆகவே தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வானம் இருண்டால் எங்கள் வீட்டில் எல்லோர் முகமும் இருண்டுவிடும். அப்படியொரு மழை நாளில் அம்மா வாசலில் அமர்ந்திருக்க, வேலியோரம் 'டப் டப்' என்று சத்தம். "பாரு கழுத, அது மட்டும் வேலைக்குப் போயிருச்சு" என்று அம்மா சிரித்தார்.

அந்தக் காய் இரு பாதிகள் ஒட்டிய சிறு குழல் போன்றது. உலரும்போது பாதிகள் ஒன்றையொன்று விட்டு விலகத் துடிக்கும், ஒட்டு விடாது. நுனியில் நீர் பட்டதும் ஒட்டு இளகும், விறைப்பு விடுபடும், உள்ளேயுள்ள கொக்கிகள் விதைகளைச் சில அடி தூரம் எறியும். நனைந்த விதைமேல் பசை ஊறி ஈரமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். முளைக்கத் தண்ணீர் இருக்கிறது என்பது உறுதியான பிறகே புறப்படுகிறது!

பழுப்பு நிறமாகக் காய்ந்த காயைத் தேடி எடுங்கள். ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். முகத்தை மட்டும் அருகே கொண்டு போகாதீர்கள்.